ராகாபின் பொய்யும் ஆப்ராம் ஹார்டரின் பயமும்

ஆப்ராம் ஹார்டர் என் பாட்டனாரின் தம்பி. எங்கள் வம்சப் பட்டியலில் அவருடைய கிளை அவரோடு நின்றுவிடுகிறது. மணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகள் இல்லை. பிறப்பு, ஞானஸ்நானம், இறப்பு என்று மூன்று ஆண்டுகளைக் குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருக்கலாம். ஆனால் கிர்கிஸ் நாட்டின் தலாஸ் பள்ளத்தாக்கில் எங்கள் சபை ஆட்கள் நாலு பேர் கூடி இறைச்சி நறுக்க உட்கார்ந்தால், யாராவது ஒருவர் இன்றும் “ஆப்ராம் செஞ்சது பாவமா, இல்லையா?” என்று தொடங்கிவிடுகிறார். கேள்வி நிலைத்துவிட்டது, மனிதர் மங்கிக்கொண்டிருக்கிறார். ஆகவே, நேரில் இருந்தவர்கள் சொன்னதை மட்டும் கொண்டு இதை எழுதிவைக்கிறேன்.

அவர் பயந்தவர். குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. தம்மைப் பற்றி அவரே அப்படித்தான் சொல்லிக்கொண்டார். கட்டிப்போட்ட நாயைக் கண்டாலும் தெருவின் மறுபக்கம் போவார். கூட்டுப்பண்ணைத் தொழுவத்தில் குதிரைச் சேணம் தைப்பது அவர் வேலை. மலைப்பக்கம் இடி முழங்கினால் ஊசியை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அலுவலகத்திலிருந்து ஆள் வந்தால், வந்தவர் குதிரைகளைப் பற்றித்தான் விசாரித்தார் என்று தெரிந்த பிறகும், வெகுநேரம் அவர் கை நடுங்கிக்கொண்டிருக்கும்.

இந்தச் சிறு பயங்களுக்கெல்லாம் அடியில் ஒரு பெரிய பயம் கிடந்தது. 1938-இல் அவருடைய தகப்பனாரைக் காவல்துறையார் கொண்டுபோனார்கள். தானியக் களஞ்சியத்துக்குத் தீ வைக்கத் திட்டமிட்டார் என்று அண்டை வீட்டுக்காரர் ஒருவர் கையெழுத்திட்டிருந்தார். அவரும் எங்கள் சபையார்தான். அவரையும் அடித்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள். தகப்பனார் திரும்பவில்லை. கையெழுத்திட்டவர் திரும்பினார், ஆனால் அதற்குப் பிறகு ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமலே வாழ்ந்து இறந்தார். ஒரு பொய் இரண்டு மனிதர்களைத் தின்றதை ஆப்ராம் கண்ணால் கண்டார். அன்றுமுதல், வேதத்தின் கடைசிப் பக்கங்களில் பொய்யர்களுக்கென்று சொல்லப்பட்டிருக்கும் எரிகிற கடல் அவருக்கு வெறும் உவமையாக இல்லை. அது மலைக்கு அப்பால் எங்கோ இருக்கிற ஓர் இடம். போய்ச் சேரக்கூடிய இடம்.

எங்கள் சபையின் முறை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தவறு செய்தவர் எல்லார் முன்பாகவும் அதை அறிக்கையிடுவார். “மன்னிக்கிறீர்களா?” என்று மூப்பர் கேட்பார். மன்னிக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். எல்லாரும் எழுந்தால்தான் மன்னிப்பு. ஒருவர் உட்கார்ந்திருந்தாலும், அந்த ஆளுக்குத் திருவிருந்தின் அப்பமும் இல்லை, திராட்சரசமும் இல்லை. மடி வற்றிய பசுவைக் கறவைப் பசு என்று விற்ற ஒருவரை, வாங்கிய விதவை அம்மாள் ஒரு குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்தே தண்டித்தாள். வசந்தத்தில் அவர் வேறொரு பசுவைக் கொண்டுவந்து கட்டினார், அன்றைக்கு எழுந்தாள். முறையை யாரும் குறை சொல்லவில்லை.

1962-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பயம் ஊருக்கே பொதுவாயிற்று. பக்கத்துப் பண்ணையில், சட்டம் தடுத்திருந்தும் பிள்ளைகளுக்கு வேதம் கற்பித்தார்கள் என்று ஒரு குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளையும் நீதிமன்றம் பிரித்து நகரத்து விடுதிக்கு அனுப்பிவிட்டது. தாய் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தாள். இளையவன் அவளிடம் ரஷ்ய மொழியில் பேசினானாம். வீட்டில் பேசும் மொழி மறந்துபோயிற்று என்றானாம்.

ஆப்ராமின் தங்கை அகனேத்தா பால்பண்ணையில் கறவைக்காரி. கணவர் சுண்ணாம்புச் சூளை விபத்தில் இறந்துவிட்டார். ஒரே மகள் யுஸ்டினாவுக்கு எட்டு வயது. அந்தப் பெண் பள்ளியில் மதிய உணவுக்கு முன் கண்ணை மூடி உதட்டை அசைத்தாள். என்ன செய்கிறாய் என்று ஆசிரியை கேட்டதற்கு, சாப்பாட்டுக்கு நன்றி சொன்னேன் என்றாள். ஆசிரியைக்கு அவளைப் பிடிக்கும். ஆனாலும் மேலே தெரிவிக்காமல் இருக்க முடியவில்லை. தெரிவித்துவிட்டு, தாமே பால்பண்ணைக்கு நடந்து வந்து, மாவட்டத்திலிருந்து யாரோ வருவார்கள் என்று அகனேத்தாவிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றுமுதல் அகனேத்தா மகளின் கையைப் பிடிக்காமல் தெருவில் இறங்கவில்லை. வேலி ஓரம் வண்டிச் சத்தம் கேட்டால் பால் வாளி அவள் கையிலிருந்து நழுவும்.

ஆராதனைக்குக் கூடுவது தடை செய்யப்பட்டிருந்தது. பன்றி வெட்டும் நாளில் கூடுவதை மட்டும் யாரும் கேட்பதில்லை. கிராம மன்றத் தலைவர் ஜுமாபெக் கிர்கிஸ்காரர், நல்ல மனிதர், முஸ்லிம் ஆதலால் பன்றி வெட்டும் முற்றத்துக்குள் காலடி வைக்கமாட்டார். ஆகவே குளிர்காலத்தில் எங்கள் ஆராதனைகள் பன்றி வெட்டுகிற வீடுகளில் நடந்தன. பன்றியே இல்லாமல் “பன்றி வெட்டுகிறோம்” என்று சொல்லிக்கொண்டு கூடினால் அது பொய்யாகிவிடும் என்று ஆப்ராம் பிடிவாதமாக நின்றதால், ஒவ்வொரு கூட்டத்துக்கும் மெய்யாகவே ஒரு பன்றி உயிரை விட்டது.

“ஆப்ராமண்ணனோட மனசாட்சி கழுவி வச்ச மாதிரி இருக்கு. செத்துப்போறதென்னமோ பன்னிதான்,” என்பார் கொர்னேலியஸ் டேவ்ஸ். அவர் பால் லாரி ஓட்டுநர். ஊரில் எல்லாரையும் சீண்டக்கூடிய வாய். ஆப்ராமைச் சீண்டுவதில் தனிப் பிரியம்.

அந்த முறை பன்றி ஆப்ராம் வீட்டு முற்றத்தில். காலையிலேயே ஜெபம் முடிந்துவிட்டது. பனியில் இரத்தம் உறைந்துகிடந்தது. பெரிய கொப்பரையில் கொழுப்பு உருகிக்கொண்டிருந்தது. பொரிந்து மேலே வரும் துணுக்குகளுக்காக யுஸ்டினா அதன் பக்கத்திலேயே நின்றாள். ஆண்கள் பலகையில் இறைச்சி நறுக்கினார்கள். குடலைக் கழுவிக்கொண்டிருந்த அகனேத்தா தலை நிமிராமல் கேட்டாள்:

“அவங்க வந்து, பிள்ளைக்கு இதெல்லாம் யாரு சொல்லிக்கொடுக்கறதுன்னு கேட்டா, நான் என்ன சொல்லட்டும்?”

கத்திகள் நின்றன.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு,” என்றார் கொர்னேலியஸ். “ராகாபு சொல்லலியா? எரிகோவுல வேவு பாக்க வந்த ரெண்டு பேரைக் கூரை மேல சணல் தட்டைக்கு அடியில ஒளிச்சு வச்சுக்கிட்டு, ராஜாவோட ஆளுங்ககிட்ட, ‘அவங்க அப்பவே போயிட்டாங்களே’ன்னா. அவளுக்கு என்ன ஆச்சு? ஊரே இடிஞ்சு விழுந்தப்ப அவ குடும்பம் மட்டும் தப்பிச்சுது.”

“அது அவ விசுவாசத்துக்குக் கெடச்சது. பொய்க்குக் கெடச்சதில்ல,” என்றார் ஆப்ராம்.

“விசுவாசத்தை அவ எங்க வச்சிருந்தா? அந்தப் பொய்க்குள்ளதானே வச்சிருந்தா?”

“ஒளிச்சு வச்சது விசுவாசம். வாயால சொன்னது பொய். ரெண்டும் வேற.”

“சரிண்ணே. எகிப்து மருத்துவச்சிங்க? ஆம்பளைப் பிள்ளைங்களைக் கொல்லுன்னான் ராஜா. ‘நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள பெத்துடறாங்க சாமி’ன்னு ஒரு போடு போட்டாங்க. கடவுள் அவங்களுக்கு நல்லது செஞ்சாருன்னு இருக்கா, இல்லியா?”

“கொல்லாம விட்டதுக்குச் செஞ்சார்.”

“அட, வேதத்துல வர்ற ஒவ்வொருத்தரையும் ரெண்டா வெட்டுறீங்களே! பன்னிய வெட்டத்தான் உங்களுக்குக் கை நடுங்குது.”

எல்லாரும் சிரித்தார்கள். கொர்னேலியஸ் விடவில்லை. “உங்க பேருக்குச் சொந்தக்காரரு ஆபிரகாமே பொண்டாட்டியத் தங்கச்சின்னு சொன்னவருதானே? அவரை எத்தனை துண்டு போடுவீங்க?”

ஆப்ராம் சிரிக்கவில்லை. “அவரு பயந்து சொன்னாரு. பயந்தவன் என்னென்ன செய்வான்னு காட்டறதுக்குத்தான் அதை எழுதி வச்சிருக்கு. எனக்குத் தெரியாதா தம்பி? பயத்துக்கு நாக்கைக் குடுத்துட்டா, அப்புறம் அது நம்ம நாக்கு இல்ல.”

மூப்பர் கத்தியைத் துடைத்தபடி, “பேசாம இருக்கலாமே. ஆண்டவர் பிலாத்து முன்னாடி பேசாமத்தானே நின்னார்,” என்றார்.

“அவருக்கு எட்டு வயசுல ஒரு பொண்ணு இல்லியே மூப்பரே,” என்றாள் அகனேத்தா.

சபையில் அப்படி ஒரு சொல்லை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனாலும் மூப்பர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை.

அவள் ஈரக் கையோடு எழுந்து அண்ணன் முன்னால் வந்து நின்றாள். “நீ சொல்லுண்ணே. ஆமா, நான்தான் சொல்லிக்கொடுக்கறேன்னு சொன்னா பிள்ளையக் கொண்டுபோயிடுவாங்க. சொல்லட்டுமா?”

ஆப்ராமுக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. “சொல்லத்தான் வேணும்மா.”

“கொண்டுபோனா?”

“நானும் கூட வர்றேன். வேலிக்கு வெளியே நாம ரெண்டு பேரும் நிப்போம்.”

“அங்க நாய் இருக்கும். நீ நிப்பியா?”

அவர் பதில் சொல்வதற்குள் வெளியே வண்டி வந்து நின்றது.

ஜுமாபெக் வாசலிலேயே நின்றுவிட்டார். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பின்னாலிருந்து கம்பளி மேலங்கி அணிந்த ஓர் அம்மாள் உள்ளே வந்தார். மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து வருவதாகவும் தம் பெயர் ஜினாயிதா மார்க்கொவ்னா என்றும் சொன்னார். முற்றத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“ஒரு பன்னிக்கு இத்தனை பேரா?”

“பன்னி சின்னதுதாங்க. நாங்க சோம்பேறிங்க,” என்றார் கொர்னேலியஸ். அந்த அம்மாள் புன்னகைக்கவில்லை. நேராகக் கொப்பரைப் பக்கம் போய், யுஸ்டினாவின் உயரத்துக்குக் குனிந்தார்.

“பெரியவங்க என்ன பேசிக்கிட்டிருந்தாங்க, கண்ணு?”

“ராகாபு பொய் சொன்னது தப்பா, இல்லியான்னு பேசிக்கிட்டிருந்தாங்க.”

“ராகாபா? யாரு அது, பால்பண்ணையில வேலை செய்யறவங்களா?”

“இல்ல, அவங்க எரிகோ,” என்றாள் யுஸ்டினா, இதுகூடத் தெரியாதா என்கிற இரக்கத்தோடு. “ரெண்டு பேரைக் கூரை மேல ஒளிச்சு வச்சவங்க. சன்னல்ல செவப்புக் கயிறு கட்டினாங்களே.”

“பலே. கயிறு நிறம்கூட ஞாபகம் இருக்கு. இவ்வளவு அழகா உனக்கு யாரு கதை சொன்னாங்க?”

யுஸ்டினா தாயைப் பார்த்தாள். பொய் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை. அடுத்த மூச்சில் அவள் சொல்லிவிடுவாள் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

“நான்தான் சொன்னேன்,” என்றார் ஆப்ராம்.

அவர் அந்தக் குழந்தைக்கு ஒருநாளும் வேதக்கதை சொன்னவரல்லர். ஒரு சொல் மாற்றிச் சொல்லிவிட்டால் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்குமே என்று, கதை கேட்டு வரும் பிள்ளைகளையும் திருப்பியனுப்புகிறவர்.

“அம்மா சொல்லிக்கொடுக்கலியா?”

“இல்ல. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் அவளுக்குத் தெரியாம கூட்டிட்டு வந்து சொல்லிக்கொடுத்தேன்.”

“இல்ல மாமா,” என்று யுஸ்டினா வாயைத் திறந்தாள். பொரிந்த துணுக்கு ஒன்றைக் கொர்னேலியஸ் அந்த வாய்க்குள் தள்ளினார். சூடு. பிள்ளை துள்ளி அழுதது. “பாத்துத் தின்னக் கூடாதா, பறக்காவெட்டி!” என்று அவர் அதட்டி, அவளைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

ஜினாயிதா மார்க்கொவ்னா ஆப்ராம் பக்கம் திரும்பினார். ஆப்ராமின் கை, முழங்கால், தாடை எல்லாம் நடுங்கின. குற்றவாளியின் நடுக்கமென்றே அவர் எண்ணியிருக்க வேண்டும். ஒரு வகையில் அது உண்மையும்தான்.

ஆப்ராமை அப்போதே கைது செய்து கொண்டுபோனார்கள். அகனேத்தா அன்று மாலையே காவல் நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொல்லப் புறப்பட்டாள். ஆனால் ஆப்ராம் கொர்னேலியஸிடம் சொல்லியனுப்பியிருந்தார்: “ஒரு பொய் நடந்துபோச்சு. அதுக்கு வெலை நான் குடுத்துக்கறேன். அதை வீணாக்க வேண்டாம்னு சொல்லு.” அவள் பாதி வழியில் திரும்பிவிட்டாள். வழக்கு மன்றத்தில் கேட்ட எல்லாவற்றுக்கும் ஆப்ராம் தலையை ஆட்டினார். குடும்பத்திலிருந்த கேடு விலக்கப்பட்டது என்று எழுதி, பிள்ளையைத் தாயிடமே விட்டுவிட்டார்கள். சேணம் தைத்த கை மூன்று ஆண்டு வடக்கே தண்டனை முகாமில் மரம் வெட்டிற்று.

திரும்பி வந்த ஆப்ராம், வீட்டுக்குப் போகுமுன் மூப்பரிடம் போனார். அடுத்த கூட்டத்திலேயே எல்லார் முன்பாகவும் நின்றார். நெஞ்சில் சளி கட்டியிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கிற்று.

“நான் பொய் சொன்னேன். ஒண்ணில்ல, ரெண்டு மூணு. என் தங்கச்சி பிள்ளைக்காகச் சொன்னேன்னு நீங்க நெனைக்கலாம். அந்த நேரம் பிள்ளைய நெனைச்சனா, எனக்கே தெரியல. நாக்கு தானா போச்சு. எனக்குப் பயமா இருக்கு. மன்னிச்சுடுங்க.”

“மன்னிக்கிறீர்களா?” என்று மூப்பர் கேட்டார். அகனேத்தா முதலில் எழுந்தாள். ஒவ்வொருவராக எல்லாரும் எழுந்தார்கள். கொர்னேலியஸ் டேவ்ஸ் உட்கார்ந்திருந்தார்.

“எந்திரி தம்பி,” என்றார் மூப்பர்.

“மாட்டேன். எந்திரிச்சா அது பாவம்னு நான் ஒத்துக்கிட்டதா ஆகும். அன்னிக்கு இவரு செஞ்சதைவிட நல்ல காரியம் ஒண்ணை நான் கண்ணால பாத்ததில்ல. இல்லாத பாவத்தை நான் எங்கேர்ந்து மன்னிக்க?”

இப்படியாக, ஊரிலேயே அவரை மிகவும் நேசித்த மனிதரால் ஆப்ராமுக்குத் திருவிருந்து இல்லாமல் போயிற்று. கொர்னேலியஸ் அவருக்கு விறகு பிளந்து அடுக்குவார். லாரியில் வரும் வழியில் பால் ஊற்றிவிட்டுப் போவார். புகை கக்கிய அடுப்பைத் தாமே பிரித்துக் கட்டிக்கொடுத்தார். மூப்பர் கேட்கும்போது மட்டும் எழமாட்டார். ஆண்டுக்கு ஆண்டு அப்பம் வரிசையில் கைமாறி வரும். கதவோரம் உட்கார்ந்திருக்கும் ஆப்ராமைத் தாண்டிப் போகும். சபையார் கொர்னேலியஸைக் கடிந்தால், ஆப்ராமே தடுத்துவிடுவார்.

“அவனை விடுங்க. மனசுல இல்லாம எந்திரிச்சான்னா அது பொய்யாயிடும். என்னால இன்னொருத்தன் பொய் சொல்ல வேண்டாம்.”

1973 வசந்தத்தில் அவருடைய நுரையீரல் கைவிட்டது. அகனேத்தா அவரைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்தாள். அவர் மரணத்துக்கு அஞ்சவில்லை. அதற்குப் பின்னால் இருப்பதற்கு அஞ்சினார். அடுப்பின் சிறு கதவு திறந்திருந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். “அதை மூடும்மா. நெருப்பு தெரியுது,” என்பார். அடுப்பை மூடி, முன்னால் ஒரு நாற்காலியை வைத்து, அதன்மேல் போர்வையைப் போட்டு மறைத்தார்கள். போர்வையின் ஓரத்தில் செந்நிறம் தெரிகிறது என்று மறுபடியும் நடுங்கினார். கடைசியில் அகனேத்தா அடுப்பையே அணைத்துவிட்டாள். குளிரில், இரண்டு மேலங்கிகளுக்குக் கீழே அவர் கிடந்தார்.

அன்று பகலில் அவள் லாரி நிறுத்துமிடத்துக்குப் போனாள். கொர்னேலியஸ் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்த அவருடைய காலை அவள் எட்டி உதைத்தாள். யுஸ்டினா கூட இருந்தாள். எனக்கு இதைச் சொன்னவரும் யுஸ்டினாதான்.

“வெளியே வாடா, ராகாபோட வக்கீலு!”

அவர் ஊர்ந்து வெளியே வந்தார்.

“அவளுக்காக எவ்வளவு வாதாடுனே! முன்பின் தெரியாத ரெண்டு பேருக்காக ராஜாவோட ஆளுங்க முன்னாடி பொய் சொன்னாளே, அதானே உனக்குப் பெருசு? எங்கண்ணன் அடுப்பைப் பாத்து நடுங்கிக்கிட்டுக் கெடக்கறான். அவனுக்காக நீ ஒரு தடவை எந்திரிக்க மாட்டே. ஏன்னா உனக்கு உன் நியாயம் சுத்தமா இருக்கணும். ‘ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை’ன்னு நிக்கறதுல நீ அவனைவிடப் பெரியவன்!”

கொர்னேலியஸ் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “அவரு கேப்பாரே,” என்றார். “மனசாரத்தான் எந்திரிச்சியான்னு கேப்பாரே. அதுக்கு நான் என்ன சொல்ல?”

“ராகாபு என்ன சொன்னாளோ, அதைச் சொல்லு.”

மறுநாள் பிற்பகல் மூப்பரும் இயன்றவர்களும் கட்டிலைச் சுற்றிக் கூடினார்கள். ஆப்ராமால் நீளமாகப் பேச முடியவில்லை; அவருடைய பழைய அறிக்கையை மூப்பரே திருப்பிச் சொன்னார். “மன்னிக்கிறீர்களா?” என்று கேட்டார். பலகை கிறீச்சிட்டது. கொர்னேலியஸ் டேவ்ஸ் எழுந்து நின்றார்.

ஆப்ராம் அவரைக் கையை அசைத்து அருகில் அழைத்தார்.

“தம்பி. நான் செஞ்சது பாவம்னு நெஜமா நம்பித்தான் எந்திரிச்சியா?”

“ஆமாண்ணே.”

“எனக்காக இல்லியே?”

“இல்லண்ணே,” என்றார் கொர்னேலியஸ்.

ஆப்ராமின் கண் அவர் முகத்தில் எதையோ தேடிற்று. கண்டாரா என்று சொல்ல யாராலும் இயலவில்லை. அப்பத்தை மூப்பர் திராட்சரசத்தில் நனைத்து அவர் வாயில் வைத்தார். அவர் விழுங்கினார். பிறகு, “குளிருதும்மா. அடுப்பை மூட்டு,” என்றார். மூட்டினார்கள். அடுப்பின் கதவு திறந்தே இருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அந்த வாரம் முடியுமுன் இறந்தார்.

கொர்னேலியஸ் டேவ்ஸ் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் லாரி ஓட்டினார். அடுத்த திருவிருந்தில் அப்பம் வரிசையில் வந்தபோது, தாம் எடுக்காமல் பக்கத்திலிருந்தவருக்கு நகர்த்திவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில், முதல் பன்றி வெட்டிய முற்றத்தில், அவரிடமிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை. மலைப்பக்கம் பனி சரிந்து அதிர்ந்தபோது அவர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு மூப்பர் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாராம்:

“மூப்பரே, எரிகோ விழுந்ததுக்கப்புறம், அந்த ராகாபு நிம்மதியா தூங்கியிருப்பாளா?”